தொப்பை ஒரு தேசியச் சொத்து

தொப்பையைக் கிண்டல் செய்கிறவர்களைத் தேசத்துரோக வழக்கில் உள்ளே தள்ள வேண்டும். இந்த நாட்டில் இத்தனை பேருக்குச் சோறு போடுகிற தொழில் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள். பிஸ்கட் கம்பெனி முதலாளி, அந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு டிவியில் சிரிக்கும் நட்சத்திரம், தின்று பெருத்தவரை ஓடவைக்கும் ஜிம்காரர், ஓடி மூட்டு தேய்ந்தவரை உட்காரவைக்கும் எலும்பு டாக்டர், சுகர் மாத்திரை விற்கும் மெடிக்கல் ஷாப், 'முழு உடல் பரிசோதனை, இன்று மட்டும் பாதி விலை' என்று குறுஞ்செய்தி அனுப்பும் லேப், கடைசியில் டயாலிசிஸ் சென்டர். அத்தனை வீட்டு அடுப்பும் எரிவது நம் இடுப்புச் சுற்றளவில்தான். லாபத்தில் காலணா பங்கு கிடைக்காத ஒரே ஆள், தொப்பைக்குச் சொந்தக்காரர். அவருக்கு உபதேசம் மட்டும் இலவசம்.

உபதேசம் மேலிடத்திலிருந்தே வருகிறது. 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' உரையில் பிரதமர், சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்றார். தப்பில்லை, குறைக்க வேண்டியதுதான். மறுநாள் இந்த இயக்கத்துக்குப் பத்துப் பேரை நியமித்தார். மோகன்லால், மாதவன், ஆனந்த் மஹிந்திரா, சுதா மூர்த்தி, மனு பாக்கர் என்று பெரிய பெயர்கள். அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டுமாம். 'இதைப் படித்தவர் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது' என்று முன்பெல்லாம் போஸ்ட் கார்டு வருமே, அரசாங்கம் அதைக் கொள்கையாக்கியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பட்டியலில் நிதியமைச்சர் பெயர் இல்லை. அவசியம் இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நிதியமைச்சகத்தின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கை, ஆலையில் உருமாற்றப்பட்டுப் பாக்கெட்டில் வரும் தீனிகள் நாட்டின் உடம்பைக் கெடுக்கின்றன, இவற்றுக்குக் கூடுதல் வரி போடுவதைக்கூட யோசிக்கலாம் என்று எழுதியிருந்தது. நன்றாக யோசித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ், பாக்கெட் மிக்சர் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் அதுவரை 18இல் இருந்தவை. சர்க்கரைக் குளிர்பானத்துக்கு மட்டும் 40 சதவீதம் என்று செய்தியில் கொட்டை எழுத்தில் வந்தது. ஆகா, வந்துவிட்டது துணிச்சல் என்று எழுந்து நின்று கைதட்டப் போனால், முன்பே வரி 28, மேல்வரி 12 இருந்திருக்கிறது. 28உம் 12உம் எத்தனை? இரண்டாம் வகுப்புக் கணக்கைப் போட்டதற்குத்தான் அந்தக் கொட்டை எழுத்து.

ஜிம் கட்டணத்துக்கான வரியையும் அதே நாளில் 18இலிருந்து 5 ஆக்கினார்கள். பெருக்கவும் ஐந்து, இளைக்கவும் ஐந்து. இதைவிட நடுநிலையான அரசு பூமியில் உண்டா?

பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை போடும் கதை இன்னும் சுவையானது. சிலி நாட்டில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எது வரம்பை மீறினாலும் பாக்கெட்டின் நெற்றியில் கருப்பு எண்கோண முத்திரை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். நமக்குக் கருப்பு ஆகுமா? மங்கலமாக ஏதாவது வேண்டாமா? 2022 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரைவு வெளியிட்டது: நட்சத்திரம் கொடுக்கலாம். கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் மக்களுக்கு நட்சத்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தார்களோ என்னவோ. கணக்கு எப்படியென்றால், சர்க்கரைக்கும் உப்புக்கும் மதிப்பெண் குறையும். அதே பாக்கெட்டில் நாலு முந்திரியோ கொஞ்சம் நார்ச்சத்தோ இருந்தால் மதிப்பெண் ஏறும். திருட்டு வழக்கில் மாட்டியவர், கோயிலுக்கு ட்யூப்லைட் உபயம் செய்திருக்கிறார் என்று சொல்லி விடுதலை ஆகிற மாதிரி. எச்சரிக்கை முத்திரைதான் வேண்டும் என்று சிலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் நீதிமன்றம், கமிட்டி போட்டு மூன்று மாதத்தில் முடிவுக்கு வாருங்கள் என்று அரசாங்கத்திடம் சொன்னது. மூன்று மாதம் முடிந்ததும் அரசாங்கம் இன்னொரு மூன்று மாதம் கேட்டு வாங்கியது. குழந்தை அதற்குள் எத்தனை பாக்கெட் பிரித்திருக்கும் என்பதற்கு எந்தக் கமிட்டியிடமும் கணக்கு இல்லை.

குழந்தை என்றதும் டப்பா உணவு ஞாபகம் வருகிறது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பொதுநல அமைப்பு ஒன்று, தன் நாட்டுப் பெரிய கம்பெனியின் கைக்குழந்தை உணவை ஊர் ஊராகப் பரிசோதித்து அறிக்கை விட்டது. சுவிஸ் குழந்தைக்கு விற்கும் டப்பாவில் சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லை. இந்தியக் குழந்தைக்கு விற்பதில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம். நம் பிள்ளைகள் மேல் அவர்களுக்கு அத்தனை பிரியம். அதே மாதம் ஒன்றிய வர்த்தக அமைச்சகத்துக்கும் ஞானம் பிறந்தது: 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது, இணையக் கடைகள் அந்தத் தலைப்பிலிருந்து மால்ட் பானங்களை எடுத்துவிட வேண்டும் என்றது. சட்டத்தில் இல்லாத அந்தப் பெயரைச் சொல்லித்தான் மூன்று தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளைகளைத் துரத்தித் துரத்திச் சர்க்கரை ஊட்டினார்கள். 'குடிச்சாத்தான் உயரமா வளருவே' என்றார்கள். வளர்ந்தோம். அகலமாக.

இப்படி வளர்ந்தவர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் கிடைக்கும் வைத்தியம் இரண்டே சொல்: "எடையைக் குறைங்க." தலைவலிக்கும் அதுதான், முதுகுவலிக்கும் அதுதான், மாதவிலக்குக் கோளாறுக்கும் அதுதான். கல்யாண வீட்டில் ஃபீஸ் வாங்காத டாக்டர்கள் வேறு. "என்னம்மா, போன தடவை பார்த்ததுக்கு ஒரு சுத்து பெருத்துட்டியே, தைராய்டு பார்த்தியா?" இதைக் கேட்கும் பெரியப்பாவின் சட்டைப் பையில் மூன்று வேளை மாத்திரை இருக்கும், கையில் இரண்டாவது ஜாங்கிரி இருக்கும். ஆனால் அவர் ஒல்லி. ஒல்லியாக இருப்பவருக்கு உபதேச லைசென்ஸ் தானாகவே வந்துவிடுகிறது. நம் சினிமாவே, ஆளின் பெயருக்கு முன்னாலேயே உடம்பை ஒட்டி 'குண்டு' கல்யாணம் என்றும் 'ஓமக்குச்சி' நரசிம்மன் என்றும் டைட்டிலில் போட்டு வயிறு வளர்த்த சினிமா.

அந்த ஒல்லிப் பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. எடை மெஷினின் பார்வையில் இரட்டைப் பிறவிகள். உள்ளே அளந்து பார்த்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. நம் ஆட்களின் கொழுப்பு கை காலில் தெரியாது. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்ப் பதுங்கிக்கொண்டு, இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23 தாண்டினாலே எச்சரிக்கை, 25 தாண்டினால் பருமன் என்று தனி அளவுகோல் வைத்தார்கள். இடுப்பை அளந்தால் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. ஐந்து ரூபாய்த் தையல் டேப் போதும். எத்தனை டாக்டர்கள் மேசையில் அந்த டேப் இருக்கிறது? பி.எம்.ஐ. கணக்கு, மூலத்தில் 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்தின் கெத்தலே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்காகப் போட்டது. அவர் ஒரு நோயாளியையும் பார்த்தவரில்லை. நட்சத்திரம் பார்த்தவர் சொன்ன கணக்கை நாம் தட்டுவோமா?

எடை முக்கியமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான 'டைரக்ட்' என்ற ஆய்வில், கட்டுப்பாடான உணவால் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் சர்க்கரை நோய் பின்வாங்கியது. மருந்தில்லாமல். ஆனால் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை யாரும் மேடையில் சொல்வதில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றவர்களைத் தினமும் நடக்கவும் அளவாகச் சாப்பிடவும் வைத்தார்கள். மூன்று ஆண்டில் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. எடை? பெரிதாக அசையவே இல்லை. மெஷின் முள் அசையாமலே உடம்பு தேறுகிறது என்பது நம் ஊரிலேயே நிரூபணமான சங்கதி. அதைச் சொல்லிவிட்டால் 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' போஸ்டரை எந்தச் சுவரில் ஒட்டுவது?

அந்தப் போஸ்டருக்கு வருவோம். 1954இல் நேரு காலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள், மருந்துகள் மற்றும் மாய வைத்திய ஆட்சேபகர விளம்பரச் சட்டம் என்று. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்ற அட்டவணையில் சர்க்கரை நோய் இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, உடல் பருமனும் இருக்கிறது. எழுபது வருஷமாக அது அட்டவணையிலேயே பத்திரமாக இருக்கிறது. டிவியில் காலை ஏழு மணிக்கு ஒருவர் உட்கார்ந்து, இந்தச் சூரணத்தைச் சாப்பிட்டால் சுகர் ஓடிப் போகும், தொப்பை கரையும் என்கிறார். கீழே போன் நம்பர் ஓடுகிறது. தெருமுனையில் வாடகை வீட்டில் 'காலை உணவு கிளப்' திறந்து பவுடரைக் கரைத்துக் கொடுத்து, உங்களையும் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். பவுடரில் யாராவது இளைத்தார்களா தெரியாது. பர்ஸ் இளைத்தது உறுதி. 2009இல் ரிமோனபன்ட், 2011இல் சிபுட்ரமின் என்று எடைக்குறைப்பு மாத்திரைகளையே தடைசெய்த நாடு இது. ஒன்று மனநிலையைக் கெடுத்தது, மற்றது இதயத்தில் கைவைத்தது. மாத்திரைக்காவது தடைசெய்ய ஒரு பெயர் இருந்தது. பவுடருக்கு அதுவும் இல்லை.

சுகர் என்று தெரிந்த அன்றே தமிழன் வீட்டில் ராத்திரி சப்பாத்தி ஆரம்பமாகிவிடும். நாலு சப்பாத்தி, தொட்டுக்க உருளைக்கிழங்கு. இந்தத் தவத்தை இருபது வருஷம் செய்பவர்கள் உண்டு. ஐ.சி.எம்.ஆர். நடத்திய 'இந்தியாப்' சர்க்கரை நோய் ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வந்தது. நாம் தின்னும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவையே குறைத்துப் பருப்பு, முட்டை, பால் என்று புரதத்தைக் கூட்டினால்தான் பலன். இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு ரேஷன் அரிசியைத் திட்டக் கிளம்பும் கூட்டத்தையும் எனக்குத் தெரியும். இலவச அரிசி மக்களைக் கெடுத்துவிட்டது என்று குளிர்சாதன அறையில் கினோவா மென்றுகொண்டே சொல்வார்கள். அரிசி பட்டினியை விரட்டியது. அதற்கு மேல் தட்டில் என்ன வைப்பது என்று யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவில்லை. ரேஷனில் 20 கிலோ அரிசி, பாமாயில், சர்க்கரை எல்லாம் உண்டு. பருப்பு மாதத்துக்கு ஒரே ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்துக்கு அந்தப் பருப்பில் எத்தனை நாள் சாம்பார் வைக்க முடியும் என்று, புரதம் பற்றி வகுப்பெடுக்கும் டயட்டீஷியன் ஒரு தடவை வைத்துக் காட்டட்டும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையோடு இருந்தவர்கள் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. இதுவும் பி.எம்.ஐ. 25 என்ற தாராளமான கோட்டை வைத்து. ஐந்து வருஷத்தில் பத்துப் பெண்ணுக்கு ஒரு பெண் திடீரென்று நாக்கைக் கட்ட முடியாதவளாக மாறிவிட்டாளா? ஒட்டுமொத்த மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் சோம்பேறித்தனம் பிடித்துவிட்டதா? முதலில் எழுந்து கடைசியில் சாப்பிட்டு, பிள்ளை வைத்த மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று வாயில் போட்டு, பனியன் கம்பெனி மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஒன்பது மணிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவளிடம் போய் 'தினமும் 45 நிமிஷம் வேகமா நடங்க' என்று சொல்வதற்கு ஒரு தனி அகங்காரம் வேண்டும்.

சரி, நடக்கிறாள் என்றே வையுங்கள். எங்கே நடப்பாள்? நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, கட்சிக் கொடிக்கம்பம் இருக்கிறது, புல்லட் நிற்கிறது, மழைநீர் வடிகால் மூடி திறந்திருக்கிறது. அரசு ஒன்றும் சும்மா இல்லை. 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை திறந்தார்கள். மாவட்டத்துக்கு ஒன்று. அங்கே போய் நடக்க முதலில் பஸ் பிடிக்க வேண்டும். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வருகிற தெருவில் நடைபாதை மட்டும் இன்னும் வழி தவறிக்கொண்டிருக்கிறது. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு ஸ்டூலில் உட்கார 2021இல் சட்டம் போட வேண்டியிருந்த மாநிலம் இது. பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறவர் எழுந்து நடக்கச் சட்டம் எந்த நூற்றாண்டில் வரும்?

இனி, நோய் முற்றியவருக்குக் கை கொடுக்கும் காப்பீட்டுக் கம்பெனி. எல்லா மருத்துவ பாலிசியிலும் ஒரே வாசகத்தில் பருமனுக்கான விலக்கு அச்சாகியிருக்கும். எடைக்குறைப்பு அறுவைக்குப் பணம் வேண்டுமானால் பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35 இருந்து, கூடவே மாரடைப்பு வகையறா, கட்டுக்கடங்காத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்ற கடுமையான ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். கிலோவில் சொல்கிறேன். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 68 கிலோ தாண்டியதுமே நீ பருமன் என்கிறது மருத்துவம். கம்பெனி கண் திறப்பது 95இல், அதுவும் நோய்ச் சான்றிதழோடு. நோய் கூட இல்லாவிட்டால் 109இல். இடைப்பட்ட 27 கிலோ யாருடையது? 82 கிலோவில் கல்லீரல் கொழுத்து, சுகரும் பிரஷரும் ஏறி நிற்கும் ஒருவர் போய்க் கேட்டால் நியாயமாக என்ன பதில் சொல்ல வேண்டும்? "சார், இன்னும் ஒரு 14 கிலோ ஏத்திக்கிட்டு வாங்க, அப்புறம் சேர்ந்து குறைச்சுக்கலாம்." பிஸ்கட்டுக்கு வரி குறைந்ததன் அருமை அப்போதுதான் புரியும்.

கடைசியாக எடைக்குறைப்பு ஊசி வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி. இதில் மாயம் எதுவும் இல்லை, வேலை செய்கிற மருந்துகள்தான். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் போலவே நடிப்பவை. வெகோவியில் சராசரியாக 15 சதவீதம், மௌஞ்சாரோவில் 20 சதவீதம் வரை எடை குறைவதை ஆய்வுகள் காட்டின. இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு குறைந்ததும் உண்மை. நிறுத்தினால்? போன எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்ப வந்தது. எனவே வாங்குபவர் நோயாளி இல்லை, ஆயுள் சந்தாதாரர். வெகோவியைத் தயாரிக்கும் கம்பெனியின் சந்தை மதிப்பு 2023இல் அதன் தாய்நாடான டென்மார்க்கின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே தாண்டியது. தொப்பை தேசியச் சொத்து என்று சொன்னேனே, தேசம் எது என்று மட்டும் சொல்லவில்லை. 2026 மார்ச்சில் வெகோவி மருந்தின் காப்புரிமை இங்கே முடிகிறது என்றதும் நம் மருந்துக் கம்பெனிகளும் ஊசிக்கு முன்னால் பங்கு விலையை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றன.

மௌஞ்சாரோ அறிமுகமானபோது ஆரம்ப டோஸ் வாரத்துக்கு 3,500 ரூபாய். மாதம் 14,000. அதே 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். வெயிலில் ஏரி மண்ணை வாருகிற ஒரு சுகர்காரப் பெண், சோறு தண்ணி பஸ் டிக்கெட் எதற்கும் செலவில்லாமல், ஒரு மாத ஊசிக்கு மட்டும் 42 நாள் மண் சுமக்க வேண்டும். மாதத்துக்கு முப்பது நாள் என்பதுதான் இடிக்கிறது. நாள்காட்டியைத் திருத்தலாமா என்று பார்க்க ஒரு கமிட்டி போடுங்கள். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். கேட்டால் இன்னொரு மூன்று மாதமும் கொடுங்கள்.